வீடு இருக்கிறது, ‘சர்’ இல்லை: இங்கிலாந்தில் ஒரு மார்ச் வாரம்

மார்ச் 24 – லண்டன்

வெயில் அடிக்கிறது, சூடு மட்டும் இல்லை. தேம்ஸ் பக்கமிருந்து வரும் காற்று காதைக் கிள்ளுகிறது. செயின்ட் பால் பேராலயத்துக்குத் தெற்கே, குயின் விக்டோரியா தெருவில், உயரமான இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. அதுதான் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிந்து வைக்கும் இடம். மூன்றாம் ரிச்சர்ட் 1484இல் சாசனம் கொடுத்த அமைப்பு இது. இப்போதுள்ள கட்டடம் 1666 பெருந்தீக்குப் பிறகு எழுந்தது.

முன்கூடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வம்ச ஆராய்ச்சி வேண்டுமென்றால்தான் பணம். அதற்குக் காரணம் உண்டு. இங்கே பணியாற்றும் 13 அதிகாரிகளுக்கு அரசு தரும் சம்பளம் 1830களில் நிர்ணயித்தது. தலைமை அதிகாரியான கார்ட்டருக்கு ஆண்டுக்கு 49 பவுண்டு 7 பென்ஸ், அவருக்குக் கீழுள்ள ஹெரால்டு அதிகாரிகளுக்கு 17 பவுண்டு 80 பென்ஸ். ஆண்டுக்கு, மாதத்துக்கு அல்ல. ஆராய்ச்சிக் கட்டணத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. தெருமுனையில் ஒரு முட்டை சாண்ட்விச்சும் தேநீரும் 7 பவுண்டைத் தாண்டும்போது இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது.

இந்தப் பயணம் ‘பாரனெட்’ பட்டத்தைப் பின்தொடர்வது. அதனால் அடிப்படையை இங்கேயே சொல்லிவிடலாம். பாரனெட் பிரபு அல்ல. பிரபுக்கள் சபையில் அவருக்கு இடமில்லை. பெயருக்கு முன் ‘சர்’, மனைவிக்கு ‘லேடி’, அவ்வளவுதான். நைட் பட்டம் பெற்றவருக்கும் ‘சர்’ உண்டு, ஆனால் அது அவரோடு முடிந்துவிடும். பாரனெட்டின் ‘சர்’ மகனுக்குப் போகும். முதலாம் ஜேம்ஸ் 1611 மே 22 அன்று இதைத் தொடங்கியதே பணத்துக்காகத்தான். அயர்லாந்தின் அல்ஸ்டரில் 30 சிப்பாய்களை மூன்று ஆண்டு வைத்திருக்கும் செலவைப் பட்டம் வாங்குபவர் ஏற்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் என்றால், 30 பேருக்கு 240 பென்ஸ். அந்தக் காலத்தில் அது சரியாக ஒரு பவுண்டு. மூன்று ஆண்டுக்கு 1,095 பவுண்டு. இதோடு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானம் இருக்க வேண்டும், தந்தைவழித் தாத்தாவுக்குக் குலச்சின்னம் இருந்திருக்க வேண்டும். முதல் பட்டம் சஃபோக் மாவட்டத்து ரெட்கிரேவைச் சேர்ந்த சர் நிக்கலஸ் பேக்கனுக்குப் போனது.

இனி வரும் எல்லா ஊர்களுக்கும் சாவி ஒரே வாக்கியம். பட்டம் கொடுக்கும் அரச பட்டயத்தில் அது யாருக்குப் போகும் என்று எழுதியிருக்கும். வழக்கமான வாசகம்: பெற்றவருடைய உடலில் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. ‘பெற்றவர்’ என்றால் முதன்முதலில் பட்டம் வாங்கியவர், இப்போது வைத்திருப்பவர் அல்ல. இதைக் கவனிக்காததால்தான் பலரும் குழம்புகிறார்கள். கடைசி பாரனெட்டுக்கு மகன் இல்லாவிட்டால் பட்டம் அற்றுவிடாது. ஆண்வழியாகவே ஏறிப்போய்த் தம்பி, சித்தப்பா மகன், ஐந்து தலைமுறைக்கு முன் பிரிந்த கிளை என்று தேட வேண்டும். எங்கும் ஆண்வழி இல்லை என்று நிரூபணமானால்தான் அது அற்றுப்போன பட்டம். யாராவது இருக்கலாம், ஆனால் நிரூபிக்கவில்லை என்றால் உறங்கும் பட்டம்.

பழைய பிரபுப் பட்டங்கள் சிலவற்றில் மூன்றாவது நிலையும் உண்டு. பட்டயம் இல்லாமல், நாடாளுமன்றத்துக்கு வரச்சொன்ன அழைப்பாணையால் பிறந்த பட்டங்கள் மகள்களுக்கும் போகும். ஆனால் மகள்களுக்குள் மூத்தவர், இளையவர் கிடையாது. இரண்டு மகள்கள் என்றால் இருவருக்கும் சமபங்கு. யாருக்கென்று தீராமல் பட்டம் கிடப்பில் போய்விடும், அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை. கிரே ஆஃப் காட்னர் பட்டம் 1496இல் கிடப்பில் போய் 1989இல்தான் மீண்டது. பாரனெட் பட்டத்துக்கு இந்த வசதி இல்லை.

மார்ச் 25 – டிச்போர்ன், ஹாம்ப்ஷயர்

வின்செஸ்டரிலிருந்து 64ஆம் எண் பஸ்ஸில் ஆல்ரெஸ்ஃபோர்டு. ஒற்றைப் பயணத்துக்கு அதிகபட்சம் 3 பவுண்டு என்று இங்கிலாந்து முழுக்க உச்சவரம்பு வைத்திருப்பதால் கிராமப் பயணம் கட்டுப்படியாகிறது. ஓட்டுநரிடம் இறங்கும் ஒவ்வொருவரும் நன்றி சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. ஆல்ரெஸ்ஃபோர்டு வாட்டர்கிரெஸ் கீரைக்குப் பேர்போன ஊர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் தெளிந்த நீரில் வளர்கிறது. மென்றால் கடுகு போல மூக்கில் ஏறும். அந்தக் கீரையில் வைத்த சூப்பும் ரொட்டியும் 8 பவுண்டு. வயிறு நிறையவில்லை, குளிர் விட்டது.

அங்கிருந்து டிச்போர்னுக்கு நடக்கலாம். கைபேசியில் சிக்னல் போய்விடுகிறது. வழிகாட்டிப் பலகை ஒன்று வேலிச்செடிக்குள் மறைந்திருப்பதால் ஒரு மைல் கூடுதல் நடைக்குத் தயாராக இருப்பது நல்லது.

மார்ச் 25இல் வருவதற்குக் காரணம் மாவு தானம். ஆண்டுதோறும் இதே நாளில் டிச்போர்ன் மாளிகை வாசலில், பெரிய மரப்பெட்டியில் மாவு வைத்து, பாதிரியார் மந்திரித்து, சுற்றுக் கிராமத்தாருக்கு அளந்து கொடுக்கிறார்கள். பெரியவருக்கு ஒரு கேலன், பிள்ளைக்கு அரை கேலன். வெளியூர்க்காரர் வேடிக்கை பார்க்கலாம், மாவு கிடைக்காது. தலையணை உறையோடு வந்திருந்த ஒரு பாட்டி, தனக்கு முன்னால் நின்றால் நன்றாகத் தெரியும் என்று வெளியூர்க்காரர்களுக்கு இடம் விட்டார். நம்மூர்த் திருவிழாக் கூட்டத்தில் பழகியவர்களுக்கு இந்த அமைதி கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

தானத்தின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாகக் கிடந்த மபெல்லா சீமாட்டி ஏழைகளுக்கு நிலம் கேட்டாளாம். எரியும் கொள்ளி அணைவதற்குள் எவ்வளவு சுற்றி வருகிறாயோ அவ்வளவு என்றானாம் கணவன். அவள் தவழ்ந்தே 23 ஏக்கரைச் சுற்றிவிட்டாள். அந்த நிலத்துக்கு இன்றும் ‘தி கிரால்ஸ்’ (தவழல்கள்) என்றுதான் பெயர். தானத்தை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் ஏழு மகன்கள், அடுத்ததில் ஏழு மகள்கள் பிறந்து பெயர் அழியும், வீடு இடியும் என்று சாபமும் இட்டாள்.

1796இல் நாடோடிகள் கூட்டம் பெருகியதால் தானம் நின்றது. 1803இல் வீட்டின் ஒரு பகுதி இடிந்தது. டிச்போர்ன் குடும்பத்தின் ஏழாம் பாரனெட்டுக்கு ஏழு மகன்கள். எட்டாமவருக்கு ஏழு மகள்கள். இத்தனையும் நடந்தது. ஆனால் பட்டம் அற்றுப்போனதா? இல்லை. சாபத்துக்குப் பட்டய வாசகம் தெரியாது போலும். ஏழு மகள்களின் அப்பாவுக்குத் தம்பிகள் இருந்தார்கள். பட்டம் 1845இல் எட்வர்டுக்குப் போனது. அவர் ஓர் உறவினரின் சொத்துக்காக ஏற்கெனவே தன் பெயரை டவுட்டி என்று மாற்றிக்கொண்டவர். பெயர் மாற்றத்தால் பட்டத்துக்கு ஒரு குறையும் வராது. அவருடைய ஒரே மகன் சிறுவயதிலேயே இறந்ததால், 1853இல் அடுத்த தம்பி ஜேம்ஸ் பாரனெட் ஆனார்.

ஜேம்ஸின் மூத்த மகன் ரோஜர் 1854இல் ‘பெல்லா’ கப்பலோடு கடலில் காணாமல் போனார். 1862இல் ஜேம்ஸ் இறந்ததும் இளைய மகன் ஆல்ஃபிரட் பட்டத்துக்கு வந்தார். 1866 பிப்ரவரியில் அவரும் இறந்தார், மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே. இப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த வாரிசு காத்திருக்க வேண்டும். ஆண் பிள்ளை என்றால் பிறந்த நொடியிலேயே பாரனெட். பெண் என்றால் பட்டம் பக்கத்துக் கிளைக்கு நகரும். மே மாதம் பிறந்தது ஆண். அந்தக் குழந்தையை எதிர்த்துத்தான் ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவிலிருந்து ஒரு கசாப்புக்காரர் ‘நானே காணாமல் போன ரோஜர்’ என்று வந்து சேர்ந்தார். சிவில் வழக்கு 102 நாள், பிறகு பொய்ச்சாட்சிக் குற்ற வழக்கு 188 நாள், 1874இல் 14 ஆண்டுத் தண்டனை. மெலிந்த ரோஜர் பருத்துத் திரும்பியதையும், பிரெஞ்சிலேயே வளர்ந்தவருக்குப் பிரெஞ்சு மறந்ததையும் பெற்ற தாயே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் இந்த வழக்கின் பெரிய ஆச்சரியம்.

மேட்டின்மேல் உள்ள செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம் சிறியது. ஆங்கிலிக்கன் கோயிலுக்குள்ளேயே கிராதி போட்டுக் கத்தோலிக்க டிச்போர்ன்களுக்குத் தனி மூலை. இங்கிலாந்தில் இது அபூர்வம். 1621இல் பட்டம் பெற்ற முதல் பாரனெட் சர் பெஞ்சமின் மனைவியோடு அங்கே பளிங்கில் கிடக்கிறார். பதினான்காவதும் கடைசியுமானவர் சர் ஆன்டனி 1968இல் இறந்தார். மூன்று மகள்கள் இருந்தார்கள். வீடும் நிலமும் மகள்வழியில் இருக்கின்றன, மாவும் அளக்கப்படுகிறது. பட்டம் மட்டும் அன்றோடு சரி.

மார்ச் 26 – மிடில் கிளேடன், பக்கிங்ஹாம்ஷயர்

ரயில் எய்ல்ஸ்பரி வரைதான் உதவும். அதற்கு மேல் டாக்சி. மீட்டர் 40 பவுண்டைத் தொட்டது. திரும்பி வர வண்டியை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வயல்வெளியில் நிற்க வேண்டும், நிற்கவும் நேர்ந்தது. அதற்கென்றே வந்ததுபோல் ஒரு தூறல். அவ்வழியே போன ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி, தேவாலயத் திண்ணையில் ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வெர்னிகளின் ஊர் இது. தேவாலயம் மாளிகைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. 1642இல் எட்ஜ்ஹில் போரில் முதலாம் சார்லஸின் கொடியைப் பிடித்தபடி இறந்த சர் எட்மண்ட் வெர்னியின் நினைவுச்சின்னம் உள்ளே. அவர் மகன் ரால்ஃப் 1661இல் பாரனெட் ஆனார். அதன்மேல் ஃபெர்மனா வைகவுண்ட், வெர்னி ஏர்ல் என்று பிரபுப் பட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. இரண்டாம் ஏர்ல் மாளிகை கட்டியே கடனாளியாகி 1791இல் பிள்ளையில்லாமல் இறந்தார். எல்லாப் பட்டங்களும் ஒரே சாவில் போயின.

சொத்து அண்ணன் மகள் மேரிக்கு. அவருக்கென்று புதிதாக ஒரு பிரபுப் பட்டம் உண்டாக்கினார்கள். அவர் திருமணம் செய்யாமல் 1810இல் இறக்க, அதுவும் போனது. அடுத்து மேரிக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரி கேதரின். இங்கேதான் கவனிக்க வேண்டும். மேரியின் அப்பா இறந்தபின் அம்மா கால்வர்ட் ஒருவரை மறுமணம் செய்து பெற்ற மகள் கேதரின். அவர் உடம்பில் வெர்னி ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. 1827இல் அவர் இறந்தபோது சொத்தைத் தன் கால்வர்ட் உறவினரான சர் ஹாரிக்கு எழுதிவைத்தார். அவர் வெர்னி என்று பெயர் மாற்றிக்கொண்டு மாளிகைக்குள் வந்தார். அவர் கையில் இருந்ததும் பாரனெட் பட்டம்தான், ஆனால் 1818இல் அவருடைய அப்பா ஜெனரல் கால்வர்ட் வாங்கியது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா பார்த்தெனோப்பைப் பின்னாளில் மணந்தவர் இவரே.

ஆக, இன்று ‘வெர்னி பாரனெட்’ என்று பார்க்கிறவர் 1661ஐயும் 1818ஐயும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் கணக்கு தப்பும். பழைய அட்டவணைகளில் ஒரே குடும்பப்பெயரில் இரண்டு மூன்று பட்டங்கள் இருப்பது சகஜம். ஊர்ப்பெயரையும் கொடுத்த ஆண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

இந்தக் கிராமத் தேவாலயங்களுக்குள் போனால் சுவரில் சாய்சதுர மரப்பலகை இருக்கிறதா என்று பார்க்கலாம். இறந்தவரின் சின்னம் வரைந்து முதலில் வீட்டு வாசலிலும் பிறகு கோயிலிலும் மாட்டியது. பின்னணி முழுக்கக் கறுப்பு என்றால் மணமாகாதவரோ, துணையை இழந்தவரோ. பார்ப்பவரின் இடப்பக்கம் மட்டும் கறுப்பு என்றால் கணவன் போய் மனைவி இருக்கிறாள். கேடயத்தில் சின்னதாகச் சிவந்த கை இருந்தால் அவர் பாரனெட், அது அல்ஸ்டரின் கை. உச்சியில் குலச்சின்னத்துக்குப் பதில் மண்டையோடு இருந்தால் வம்சத்தின் கடைசி ஆள் என்று சொல்வார்கள். எல்லா ஓவியரும் அந்த விதியைக் கடைப்பிடித்ததில்லை, அதை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது.

மார்ச் 27 – கால்க் ஆபி, டெர்பிஷயர்

டெர்பியிலிருந்து டிக்னல் கிராமத்துக்கு பஸ். இங்கே ஓட்டுநர் முதல் கடைக்காரர் வரை எல்லோரையும் ‘டக்’ என்று கூப்பிடுகிறார்கள். வாத்து என்று கோபப்பட வேண்டாம், பாசம்தான். காலையில் உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. வாயிலிலிருந்து வீட்டுக்கு ஒரு மைலுக்கு மேல் நடை. மான்கள் நின்று பார்க்கின்றன.

கால்க் மற்ற மாளிகைகள் மாதிரி மெருகேற்றியது அல்ல. உரிந்த சுவர்த்தாள், குவிந்த நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த பறவைகள். பாரம்பரியக் கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே சிதைவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்த்ததில் மிகவும் பிடித்தது இந்த வீடுதான்.

ஹார்ப்பர்கள் 1622இல் வாங்கினார்கள், 1626இல் பாரனெட். ஏழாமவர் சர் ஹென்றி 1808இல் பெயரை க்ரூ என்று மாற்றினார். பழைய க்ரூ பிரபுப் பட்டம் கிடைக்கும் என்ற ஆசை, கிடைக்கவில்லை. பத்தாமவர் சர் வான்சி பறவைப் பித்தர். எஸ்டேட்டுக்குள் மோட்டார் காரையே விடாதவர். அவருடைய ஒரே மகன் 1921இல், அப்பாவுக்கு முன்பே இறந்தார். 1924இல் சர் வான்சி இறந்தபோது 1626இன் ஆண்வழி எங்கும் மிச்சமில்லை. மகள்கள் இருந்தார்கள், ஹில்டா வீட்டை எடுத்துக்கொண்டார், மரண வரி கட்டச் சேகரிப்பில் ஒரு பகுதியை விற்றார். அவருக்குப் பின் சகோதரி மகன் சார்லஸ் ஜென்னி, ஹார்ப்பர்-க்ரூ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1962இல்.

சார்லஸ் 1981இல் திடீரென்று இறந்தார். மரண வரி சுமார் 80 லட்சம் பவுண்டு, வட்டி நாள்தோறும் ஏறியது. 1984 பட்ஜெட்டில் அரசு தனியாகப் பணம் ஒதுக்க, அடுத்த ஆண்டு வீடு நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. சாமான்களைப் பட்டியலிட்டபோது 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பட்டுக் கட்டில் திரைகள் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தன. வெயிலே படாததால் சாயம் இன்னும் பளீர். இப்போது கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய விளக்கில்.

இங்கே தெளிவாகத் தெரிவது, பட்டம் அற்றது 1924, வீடு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது 1985 என்பது. இடையில் 61 ஆண்டு. பட்டம் போனதால் வீடு போகவில்லை. வீட்டைப் பறித்தது வரி.

தேநீரகத்தில் பேக்வெல் டார்ட்டும் தேநீரும் 7 பவுண்டு. பாதாம் வாசனை தூக்கல், சர்க்கரை அதைவிடத் தூக்கல். திரும்பும் பஸ்ஸை ஒரு நிமிடத்தில் விட்டால் அடுத்ததுக்கு ஒரு மணி நேரம்.

மார்ச் 28 – கியூ, லண்டன்

தேசிய ஆவணக் காப்பகம். மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தனித்தனியாகக் கேட்பார்கள். பேனா, தண்ணீர் பாட்டில், மிட்டாய் எல்லாம் கீழே பெட்டகத்தில். பென்சில் மட்டும் உள்ளே போகும். அழிப்பான் வைத்த பென்சிலாக இருந்தால் அதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பட்டயங்களின் நகல் சி 66 வரிசைச் சுருள்களில். 1733க்கு முந்தியவை லத்தீன். முழுவதும் புரிய வேண்டியதில்லை. ‘ஹெரெடிபுஸ் மாஸ்குலிஸ் டெ கார்ப்போரே’, அதாவது ‘உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்று வரும் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். அதன்பின் சகோதரர் பெயர் ஏதாவது தொடர்கிறதா என்பதில்தான் ஒரு பட்டத்தின் ஆயுள் இருக்கிறது.

இன்று ஒருவர் பாரனெட் ஆக என்ன செய்ய வேண்டும்? ஏழாம் எட்வர்டு 1910இல் போட்ட ஆணைப்படி அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். ஏறாதவரை எந்த அரசு ஆவணத்திலும் ‘சர்’ போட மாட்டார்கள். முந்தையவரின் இறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, தன் பிறப்புச் சான்று, சத்தியப் பிரமாணம். சான்று நகல் ஒன்று 12 பவுண்டு 50 பென்ஸ். பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் இல்லாத குறுவடிவம் செல்லாது. பக்கத்துக் கிளையிலிருந்து வருகிறவருக்கு வேலை பல மடங்கு. தனக்கு மூத்த ஒவ்வொரு கிளையிலும் ஆண் பிள்ளை இல்லை என்று காட்ட வேண்டும். 1880இல் கனடாவுக்குப் போய்க் கடிதம் போடாத ஒரு பெரியப்பா போதும், எல்லாம் நின்றுவிடும்.

மற்றொரு பள்ளம் பெற்றோரின் திருமணத் தேதி. இங்கிலாந்தின் 1926 சட்டம், பிறந்தபின் பெற்றோர் மணந்தால் பிள்ளையைச் சட்டபூர்வமாக்குகிறது, ஆனால் பட்டத்தை மட்டும் விட்டுவிட்டது. அண்ணன் திருமணத்துக்கு முன், தம்பி பின் என்றால் பட்டம் தம்பிக்கு. தத்துப்பிள்ளைக்கும் கிடையாது. 2016இல் ஸ்டிச்சில் பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துப் பட்டத்தின் வழக்கில் மரபணுச் சோதனையையும் சான்றாக ஏற்கலாம் என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அந்தச் சோதனையில் எட்டாம் பாரனெட்டின் மகன் என்று பட்டம் ஏற்றவர் அவர் மகனே அல்ல என்று தெரிந்து, பட்டம் வேறு கிளைக்குப் போனது. அதன்பின் பல குடும்பங்கள் பழைய ஆல்பங்களைக் கொஞ்சம் பயத்தோடுதான் புரட்டியிருக்கும்.

மதியத்துக்கு கியூவுக்கே உரிய ‘மெய்ட்ஸ் ஆஃப் ஆனர்’. தயிர்க்கட்டி வைத்த சிறு டார்ட், சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி.

மதியத்துக்கு மேல் மெட்ராஸ் விஷயம். தஞ்சாவூர் மன்னர் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தியதால் சொந்த கவுன்சிலோடு மோதி, 1776இல் சிறைப்பட்டு, 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்த ஆளுநர் ஜார்ஜ் பிகாட். அவரிடம் இரண்டு பட்டங்கள். 1764இல் பாரனெட், 1766இல் அயர்லாந்துப் பிரபு. மணமாகாதவர், திருமணத்துக்கு வெளியே பிள்ளைகள் உண்டு. பிரபுப் பட்டம் வழக்கமான வாசகத்தோடு வந்ததால் அவரோடு அற்றது. பாரனெட் பட்டயத்தில் மட்டும் தம்பிகள் ராபர்ட், ஹியூ பெயர்களை முன்யோசனையாகச் சேர்த்திருந்தார். அது அமெரிக்கச் சுதந்திரப் போரில் பங்கர் ஹில்லில் சண்டை போட்ட ஜெனரல் ராபர்ட்டுக்குப் போய், அவர் வழியில் தொடர்ந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுபோன பிகாட் வைரம் உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவில் விட்டது. பங்கு போட வழியில்லாமல், நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்கி, 1801இல் குலுக்கல் சீட்டு நடத்தி விற்றார்கள்.